வழி தேடலும் வாள் வீச்சும்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலர் என்றால் நாலு கவிதை வேண்டும், தன்னம்பிக்கை பற்றி ஒரு கட்டுரை வேண்டும், கடைசிப் பக்கத்தில் கடி ஜோக் வேண்டும். இந்த மூன்றையும் விட்டுவிட்டு வீடியோ கேம் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க் குழுவில் இருக்கும் என் வகுப்பு நண்பன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். "விளையாடுறதைப் பத்தி எழுத என்னடா இருக்கு?" என்றான். நிறைய இருக்கிறது. படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் ஹாஸ்டலில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று சுடும் கட்சி, இன்னொன்று சுற்றும் கட்சி. சுடும் கட்சிக்காரனுக்கு விளையாட்டு என்றால் சண்டைதான். ஐந்து நிமிஷம் யாரும் வரவில்லை என்றால் "என்னடா இது, நடைப்பயணமா?" என்று கேட்பான். சுற்றும் கட்சிக்காரனுக்குச் சண்டை ஓர் இடைஞ்சல். மலை உச்சியில் என்ன இருக்கிறது, அந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறவனை வழியில் எவனாவது வந்து வெட்டினால் அவனுக்குக் கோபம் வரும். இரவு பதினொன்றுக்கு வார்டன் வந்து விளக்கை அணைக்கும் வரை இந்த வழக்கு நடக்கும். தீர்ப்பு வந்ததே இல்லை.

என் தாழ்மையான கருத்து என்னவென்றால், இரண்டு கட்சிக்கும் பாதி துணிதான் கையில் இருக்கிறது. என் அப்பா விசைத்தறி ஓட்டுபவர். பாவு மட்டும் இருந்தால் அது நூல் கட்டு. ஊடை மட்டும் இருந்தால் அது நூல் உருண்டை. இரண்டும் குறுக்கே பாய்ந்தால்தான் துணி. விளையாட்டில் வழி தேடுவதும் சண்டை போடுவதும் அப்படித்தான். சண்டை வழிக்கு ஒரு விலை வைக்கிறது. விலை இல்லாத வழியில் நடப்பது சும்மா நடப்பது. போக வேண்டிய இடம் என்று ஒன்று இல்லாத சண்டையோ வெறும் கை அரிப்பு! இதை ஓரிரண்டு விளையாட்டுகளைப் பிரித்துப் போட்டு விளக்கப் பார்க்கிறேன்.

குகையில் ஆரம்பித்த கதை

வழி தேடும் விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டன் ஒரு குகைதான். அமெரிக்காவில் வில் கிரவுதர் என்று ஒரு புரோகிராமர். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகைகளுக்குள் இறங்கி அளந்து வரைபடம் எடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. மனைவியைப் பிரிந்த பிறகு, தன் இரண்டு பெண்களும் விளையாடட்டும் என்று 1976 வாக்கில் அந்தக் குகையையே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டாக எழுதினார். 1977-ல் டான் உட்ஸ் என்பவர் அதை விரிவாக்கினார். படம் கிடையாது, சத்தம் கிடையாது. நீங்கள் நிற்கும் இடத்தை எழுத்தில் சொல்லும். வடக்கே போ, விளக்கை எடு என்று நீங்கள் டைப் அடிக்க வேண்டும். அவ்வளவுதான்!

வரைபடம் யாரும் தரமாட்டார்கள். பேப்பரும் பென்சிலும் வைத்து நாமே வரைந்துகொள்ள வேண்டும். எல்லா அறையும் ஒன்று போலவே இருக்கும் ஒரு சிக்கலான பகுதியில் விளையாடியவர்கள், கையில் இருந்த சாமான்களை அறைக்கு ஒன்றாகக் கீழே போட்டு அடையாளம் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்களாம். ஆடு மேய்க்கப் போகிறவர்கள் கிளையை ஒடித்துப் போட்டுக்கொண்டு போவதைப் போல.

இவ்வளவு சாதுவான விளையாட்டிலேயே இருட்டிலிருந்து ஒரு குள்ளன் வருவான். கோடாலியை எறிவான். குறி தப்பும். அந்தக் கோடாலியை எடுத்து அடுத்த குள்ளன் மேல் நீங்கள் எறியலாம். உட்ஸ் விரிவாக்கியதில் கையில் உள்ள விளக்கின் பேட்டரியும் தீரும். ஏன் இதெல்லாம்? குகை பயமாக இருக்க வேண்டும். திரும்பிப் போவதா, இன்னும் ஓர் அறை பார்ப்பதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தவிப்பு இல்லையென்றால் அது பூகோளப் பாடம்.

பாரசீக இளவரசன்

இப்போது என் செல்ல விளையாட்டுக்கு வருகிறேன். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா! 1989-ல் ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதியது. 1990-ல் டாஸுக்கு வந்தது. 90-களில் நம் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டர்களில் டைப்பிங் பழகப் போனவர்கள் பலரும் இதைத்தான் பழகினார்கள் என்று எங்கள் லேப் சார் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு இது கிடைத்தது ஒரு சீனியர் அண்ணன் ஹாஸ்டலில் விட்டுப் போன பழைய லேப்டாப்பில். புதிய விளையாட்டு எதுவும் அதில் ஓடாது. டாஸ் மாதிரி நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் ஓடும். அதில் இந்த இளவரசனும் ஓடுவான்.

கதை ரொம்பச் சின்னது. ராஜகுமாரியை மந்திரி ஜாஃபர் சிறை வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கெடு கொடுக்கிறான். கீழே பாதாளச் சிறையில் கிடக்கும் நாம் 60 நிமிஷத்தில் மேலே போய்ச் சேர வேண்டும். 60 நிமிஷம் என்றால் நிஜமாகவே 60 நிமிஷம். செத்தால் அந்த நிலையின் ஆரம்பத்திலிருந்து மறுபடி ஆடலாம். ஆனால் போன நேரம் போனதுதான்.

முதல் நிலையைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். கையில் ஒன்றும் இல்லாமல் ஆரம்பிக்கிறோம். கொஞ்ச தூரத்தில் ஒரு காவலாளி வாளோடு நிற்கிறான். வெறுங்கையோடு போனால் ஒரே வெட்டு, ஆள் காலி! ஆகவே, அவனை விட்டுவிட்டு வேறு பக்கம் போகிறோம். கால் வைத்தால் சரியும் கல், தரையிலிருந்து பாயும் முள், மிதித்தால் திறக்கும் கதவு, மிதித்தால் மூடும் கதவு. இத்தனையும் தாண்டி ஓர் மூலையில் எலும்புக்கூட்டின் பக்கத்தில் ஒரு வாள் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் அதே காவலாளி, அதே இடம். ஆனால் நாம் வேறு ஆள்.

இதில் யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. 'முதலில் வாளைக் கண்டுபிடி' என்று எழுத்து வரவில்லை. அம்புக்குறி இல்லை. அந்தக் காவலாளிதான் வாத்தியார். அவனிடம் ஒரு தடவை அடி வாங்கியதும் நமக்குத் தேட வேண்டிய பொருள் என்ன என்று தெரிந்துவிடுகிறது. சண்டை, தேடலைத் தொடங்கி வைக்கிறது. தேடல், சண்டையை முடித்து வைக்கிறது. பாவும் ஊடையும் என்று சொன்னேனே, அது இதுதான்.

இன்னொன்றும் பாருங்கள். இங்கே நம் உயிர் மூன்று சிவப்பு முக்கோணம். காவலாளி ஒரு வெட்டு வெட்டினாலும் ஒன்று போகும், இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்தாலும் ஒன்று போகும். மூன்று மாடி விழுந்தால் முழுசாகப் போகும். ஆக, வாளுக்கும் பள்ளத்துக்கும் ஒரே நாணயம்! சண்டையில் இரண்டு முக்கோணம் இழந்தவன் அடுத்த பள்ளத்தில் குதிக்க யோசிப்பான். இப்படி ஒரே பையிலிருந்து இரண்டு செலவும் போவதால்தான் சுடும் கட்சிக்காரனும் சுற்றும் கட்சிக்காரனும் இந்த விளையாட்டில் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு நடந்தால் இளவரசன் ஒவ்வொரு அடியாக நிதானமாக வைப்பான். முள்ளுக்கு நடுவில் அப்படி நடந்தால் முள் குத்தாது. ஓடினால் குத்தும். வாள் உருவிய பிறகு அதே ஷிஃப்ட் கீதான் வெட்டு. நிதானத்துக்கும் வெட்டுக்கும் ஒரே கீ!

தீபாவளி லீவுக்கு லேப்டாப்பை ஊருக்குக் கொண்டுபோயிருந்தேன். தறி நின்ற நேரத்தில் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். இளவரசன் ஏழெட்டு தடவை முள்ளில் விழுந்தான். "ஏங்கண்ணு, இந்தப் பையன் எத்தனை தடவதான் செத்துப் பொழப்பான்? கூட ஒருத்தரு வழி சொல்லமாட்டாங்களா?" என்றார். "சொன்னா விளையாட்டே இல்லைம்மா" என்றேன். அம்மாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். டிப்ளமோ அட்மிஷனுக்கு வந்த அன்று எந்த ஜன்னலில் எந்த ஃபாரம், சான்றிதழில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்ல அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அன்றைக்கு அங்கே ஓர் அம்புக்குறி இருந்திருந்தால் கும்பிட்டிருப்பேன். வாழ்க்கையில் அம்புக்குறி வேண்டும், விளையாட்டில் வேண்டாம். இது முரண்பாடு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நிழல் மனிதனும் எக்ஸார் கேட்டும்

நம் துறை மாணவர்கள் இந்தப் பகுதியைத் தவறாமல் படிக்கவும்!

மெக்னர் முதலில் நினைத்தது சண்டையே இல்லாத விளையாட்டு. ஓடுவது, தாவுவது, தொங்குவது, இவ்வளவுதான் திட்டம். இதற்காகத் தன் தம்பியை வெள்ளை உடை உடுத்தி ஓடவிட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அசைவாக வரைந்தார். இளவரசன் நிஜ மனிதன் போல ஓடுவதற்குக் காரணம் இதுதான். ஆனால், வேலை பாதி முடிந்தபோது கூட இருந்தவர்கள் சண்டை வேண்டும், எதிரி வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மெக்னருக்கும் விளையாட்டில் ஏதோ குறைவது தெரிந்தது. பிரச்சினை என்னவென்றால், ஆப்பிள் 2-ன் மெமரி நிரம்பிவிட்டது. இளவரசனின் அசைவுகளே இடத்தை அடைத்துக்கொண்டன. புது எதிரிக்குப் படம் வரைந்தால் வைக்க இடம் இல்லை.

அப்போதுதான் எக்ஸார் கைகொடுத்தது. டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸில் படித்தோமே: இரண்டு உள்ளீடும் ஒன்றாக இருந்தால் 0, வேறுவேறாக இருந்தால் 1. இளவரசனின் படத்தில் ஒரு வரியை இப்படி வைத்துக்கொள்வோம்:

00111100

இதை ஒரு பிட் வலது பக்கம் தள்ளினால்:

00011110

இரண்டையும் எக்ஸார் செய்யுங்கள்:

00100010

என்ன ஆயிற்று? உடம்பின் நடுப்பகுதி காணாமல் போய், இரண்டு ஓரமும் மட்டும் நிற்கிறது. எல்லா வரிக்கும் இதையே செய்தால் இளவரசனின் விளிம்பு மட்டும் மினுமினுக்கும் ஓர் ஆவி உருவம் கிடைக்கும். புதுப் படம் ஒன்றுகூட வரையவில்லை. மெமரியில் கூடுதலாக இடம் கேட்கவில்லை. இருக்கிற இளவரசனிலிருந்தே எதிரி பிறந்துவிட்டான்! நமது 8051-ல் எக்ஸ்.ஆர்.எல். என்று ஓர் இன்ஸ்ட்ரக்ஷன் உண்டு அல்லவா? ஆப்பிள் 2-ல் இருந்த 6502 பிராசசரில் அதற்கு ஈ.ஓ.ஆர். என்று பெயர். பிறகு மெமரியை அங்கே இங்கே ஒதுக்கி, காவலாளிகளுக்கும் இடம் பண்ணிவிட்டார். அவர்களுடைய வாள் வீச்சுக்கு மாதிரி, 1938-ல் வந்த ராபின் ஹூட் சினிமாவில் எர்ரல் ஃப்ளின் போடும் சண்டை.

டெக்னிக் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த நிழல் மனிதனை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நான்காம் நிலையில் ஒரு கண்ணாடி குறுக்கே நிற்கும். ஓடிவந்து அதன் வழியாகத் தாவினால்தான் போக முடியும். தாவும்போது நம் நிழல் மறுபக்கமாக வெளியே போகிறது. ஐந்தாம் நிலையில் நமக்கு வேண்டிய மருந்தை நம் கண் முன்னால் அவன் குடித்துவிட்டுப் போகிறான். ஆறாம் நிலையில் நாம் தாவும்போது கதவை மூடி நம்மைப் பள்ளத்தில் தள்ளுகிறான். பற்றிக்கொண்டு வரும்! பன்னிரண்டாம் நிலையில் வாளோடு எதிரே வந்து நிற்கிறான். வெட்டினால்? அவனுக்கு ஒரு முக்கோணம் போகும்போது நமக்கும் ஒன்று போகிறது. கொன்றால் நாமும் சாவோம்.

இதற்கு விடை வாளை உறையில் போடுவது. நாம் போட்டால் அவனும் போடுகிறான். அப்படியே அவனை நோக்கி ஓடினால் இருவரும் ஒன்றாகிவிடுகிறோம். (ரகசியத்தைச் சொல்லிவிட்டேன் என்று திட்டாதீர்கள். விளையாட்டு வந்து 35 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.) பதினொரு நிலைகள் நமக்கு வெட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, பன்னிரண்டாம் நிலையில் இந்தச் சண்டையையே ஒரு பூட்டிய கதவாக்கிவிட்டார் மெக்னர். எங்கே தாவுவது, எந்தக் கல்லை மிதிப்பது என்று தேடியது போல, இந்த எதிரியிடம் எப்படி நடந்துகொள்வது என்பதையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாம் நிலை எலும்புக்கூடும் இதே ரகம். எத்தனை வெட்டினாலும் சாகாது. பின்னால் தள்ளிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழவைக்க வேண்டும். இடத்தைப் பார்த்து வைத்திருப்பவன்தான் ஜெயிப்பான்.

வரைபடத்தில் புள்ளி வைத்தால்

1993-ல் வந்த டூம் விளையாட்டைச் சுடும் கட்சியின் குலதெய்வம் என்பார்கள். உண்மைதான். ஆனால் நிதானமாக விளையாடிப் பாருங்கள், பாதி நேரம் நீலச் சாவி எங்கே, சிவப்புக் கதவு எங்கே என்றுதான் அலைவோம். அதில் ஒரு வரைபடம் உண்டு. நாம் பார்த்த சுவர்களை மட்டுமே அது வரையும். நிலை முடிந்ததும் எத்தனை சதவீதம் எதிரிகளைக் கொன்றாய் என்பதோடு எத்தனை சதவீதம் ரகசிய இடங்களைக் கண்டுபிடித்தாய் என்றும் கணக்குக் காட்டும். சுடும் கட்சியின் குலதெய்வமே இரண்டுக்கும் மார்க் போடுகிறது!

பிறகு வந்த பெரிய விளையாட்டுகளில் இந்தக் கணக்கு மாறியது. பாரசீக இளவரசனின் வாரிசாக ஆரம்பிக்கப்பட்டு, தனி விளையாட்டாகப் பிரிந்து 2007-ல் வந்தது அசாசின்ஸ் கிரீட். உயரமான கோபுரத்தின் உச்சிக்கு ஏறினால் சுற்றுவட்டாரத்தில் என்னென்ன வேலை இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வந்துவிடும். ஏறும் வரைக்கும் பிரமாதம். சுவரில் எந்தக் கல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கண் தேடும். உச்சிக்குப் போய்ப் புள்ளிகள் வந்த பிறகு அந்த ஊரையே நாம் பார்ப்பதில்லை, புள்ளியைத்தான் பார்க்கிறோம். போஸ்ட்மேன் வேலை மாதிரி ஆகிவிடுகிறது. வழியில் வரும் சண்டையும் அப்படியே. எதற்குச் சண்டை போடுகிறோம் என்று தெரியாது, அடுத்த புள்ளிக்கு நடுவில் நிற்கிறான், அதனால் வெட்டுகிறோம்.

ஜப்பானில் 1986-ல் வந்த முதல் செல்டாவில் இப்படி எதுவும் கிடையாது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷிகேரு மியாமோட்டோ சின்ன வயதில் கியோட்டோவுக்குப் பக்கத்தில் தன் ஊர்க் காடுகளில், குகைகளில் சுற்றியதைத்தான் அதற்கு மூலமாகச் சொல்லியிருக்கிறார். அதே வரிசையில் 2017-ல் வந்த பிரெத் ஆஃப் தி வைல்டில் கோபுரம் உண்டு. ஆனால் ஏறினால் மலை, ஆறு, மேடு பள்ளம் மட்டும் வரைபடத்தில் வரும். என்ன இருக்கிறது என்று நாமே உச்சியிலிருந்து பார்த்து நாமே குறி வைத்துக்கொள்ள வேண்டும். வாள் நாலு சண்டை போட்டால் உடைந்துவிடும். ஆகவே, ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் 'இது தேவையா?' என்று மனசு கேட்கும். அதற்கான கருவி வாங்க நமக்கு வசதி இல்லை. வீடியோவில் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கையில் வைத்து விளையாடியது ஹாலோ நைட். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் ஒரு சின்னக் குழு செய்தது, 2017-ல் வந்தது. மண்ணுக்கடியில் பூச்சிகளின் ராஜ்யம். இதில் வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்! அதை விற்பவர் ஒவ்வொரு பகுதியிலும் எங்கோ உள்ளே உட்கார்ந்து பாட்டு முனகிக்கொண்டிருப்பார். அவரைக் கண்டுபிடிக்கும் வரை இருட்டில் தடவ வேண்டியதுதான். வாங்கிய படமும் அரைகுறை. இறகு ஒன்று தனியாக வாங்கி, நடந்த இடங்களை ஒரு பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அதில் சேர்க்க முடியும். செத்தால் சேர்த்த காசெல்லாம் செத்த இடத்திலேயே நிழலாக நிற்கும். திரும்பிப் போய் அந்த நிழலோடு சண்டை போட்டு மீட்க வேண்டும். வழியில் மறுபடி செத்தால் காசு போயே போச்சு! பாருங்கள், இங்கேயும் ஒரு நிழல். இளவரசனின் நிழலை வெட்டக் கூடாது, இந்த நிழலை வெட்டியே ஆக வேண்டும். எனக்கு இளவரசன் பக்கம்தான் ஓட்டு. ஆனாலும் போன வழியிலேயே மறுபடி பயந்து பயந்து நடக்க வைக்கும் தந்திரம் இருக்கிறதே, அதில் இதை அடிக்க ஆளில்லை.

நூறு பேர் குதிக்கும் தீவு

இதெல்லாம் சரி, ஹாஸ்டலில் எல்லோரும் விளையாடுவது செல்போனில்தானே என்பீர்கள். பப்ஜி 2017-ல் வந்தது. செல்போன் பதிப்பு 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டு, 2021-ல் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் நின்று, 2023 மேயில் திரும்பி வந்தது.

சுடும் கட்சி இதை வெறும் சுடும் விளையாட்டாகத்தான் பார்க்கிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. எரங்கல் என்ற அந்தத் தீவு 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர். 64 சதுர கிலோமீட்டரில் 100 பேர் வெறுங்கையோடு குதிக்கிறார்கள். சும்மா விட்டால் ஒருவரை ஒருவர் பார்க்கவே மணிக்கணக்காகும். அதனால்தான் வட்டம் சுருங்குகிறது. முதல் பாதி வீடு வீடாகத் தேடல், இரண்டாம் பாதி சண்டை. தேடலில் என்ன கிடைத்ததோ அதை வைத்துத்தான் சண்டை. எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் மறைவு என்று பார்த்து வைத்தவனுக்குத்தான் கடைசி வட்டம். அமைப்பு என்று பார்த்தால் பாரசீக இளவரசனின் முதல் நிலைதான் இது, நூறு பேருக்குப் போட்டது!

குறை எங்கே என்றால், தீவு மாறுவதில்லை. முந்நூறு ஆட்டம் ஆடியவனுக்கு எந்த மாடியில் எந்த ஜன்னல் என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அவனுக்குத் தேடல் செத்துவிட்டது, பொறுக்குதல்தான் மிச்சம். வட்டம் எங்கே சுருங்கும் என்ற ஒரு கேள்விதான் அவனை இன்னும் உட்கார வைத்திருக்கிறது.

போன வருஷம் நம் விழாவில் நடந்த கேம் போட்டியைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். எத்தனை பேரைச் சுட்டாய் என்பதற்கு மட்டும் மார்க். என் அறை நண்பன் ஒருவரையும் சுடாமல், புதருக்குப் புதர் மாறி, கடைசி மூன்று பேரில் ஒருவனாக நின்றான். அவனுக்கு மதிப்பெண் பூஜ்யம்! பத்து நிமிஷத்தில் நாலு பேரைச் சுட்டுவிட்டுச் செத்தவருக்குப் பரிசு. பெரிய பெரிய போட்டிகளில் எத்தனையாவது இடத்தில் நின்றாய் என்பதற்கும் புள்ளி கொடுக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் கொடுக்கக் கூடாது? அவன் தைரியசாலி இல்லை என்று சிலர் கிண்டல் செய்தார்கள். ஆயுதம் இல்லாமல் அந்தப் புதரில் படுத்துப் பார்த்தால் தெரியும்!

சண்டையே இல்லாவிட்டால்?

சுற்றும் கட்சியின் தலைவன் இதைப் படித்துவிட்டு நிச்சயம் கேட்பான்: "மிஸ்ட் விளையாட்டில் சண்டையே இல்லையே, அது நல்லா இல்லையா?" நியாயமான கேள்வி. 1993-ல் வந்த மிஸ்டில் எதிரி கிடையாது, ஒரு தீவு, சில புத்தகங்கள், புதிர்கள், அவ்வளவுதான். 2019-ல் வந்த அவுட்டர் வைல்ட்ஸிலும் நம் கையில் ஆயுதம் இல்லை. ஒரு சின்னச் சூரியக் குடும்பத்தில் கிரகம் கிரகமாகப் பறந்து, அழிந்துபோன ஒரு கூட்டம் எழுதி வைத்ததைப் படிக்க வேண்டும்.

ஆனால் அவுட்டர் வைல்ட்ஸில் 22 நிமிஷத்துக்கு ஒரு முறை சூரியன் வெடிக்கிறது! எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம். கையில் மிஞ்சுவது நாம் தெரிந்துகொண்டது மட்டும். ஆக, வாள் போனாலும் விலை போகவில்லை, நேரமாக வந்து உட்கார்ந்துகொண்டது. மெக்னரின் 60 நிமிஷமும் அதுதானே. எனவே சண்டை கட்டாயம் என்று நான் சொல்ல வரவில்லை. கதவைத் திறக்கும்போது கை கொஞ்சம் நடுங்க வேண்டும், எதனால் நடுங்கினாலும் சரி. மிஸ்ட்டில் எனக்குக் கை நடுங்கவில்லை. அழகாக இருந்தது, இரண்டாம் நாள் மூடி வைத்துவிட்டேன். இதற்குத் தலைவன் என்ன சொல்வான் என்று தெரியும், சொல்லட்டும்.

யூனியனுக்கு ஒரு யோசனை. அடுத்த வருஷப் போட்டியில் செல்போன் விளையாட்டோடு, லேபில் நாலு கம்ப்யூட்டரில் பாரசீக இளவரசனையும் வைக்கலாம். செலவு இல்லை, புது மெஷின் வேண்டாம். இருவர் ஒரு குழு, ஒருவர் கீபோர்டில், ஒருவர் பேப்பர் பென்சிலோடு வரைபடத்தில். 60 நிமிஷத்தில் யார் எந்த நிலை வரை போகிறார்கள் என்பதுதான் மார்க். எத்தனை பேரை வெட்டினோம் என்று அந்த விளையாட்டே எண்ணுவதில்லை. விருப்பம் உள்ளவர்கள் அதன் நிரலையும் பார்க்கலாம். தொலைந்ததாக நினைத்திருந்த ஃப்ளாப்பிகளை மெக்னரின் அப்பா வீட்டில் கண்டெடுக்க, 2012-ல் முழு நிரலையும் வெளியிட்டுவிட்டார். எல்லாம் 6502 அசெம்பிளி. எக்ஸார் வரியைத் தேடிப் பிடிப்பதே ஒரு தனி விளையாட்டு.

லேப் சாரிடம் கேட்டேன். ஏப்ரல் போர்டு எக்ஸாம் முடியட்டும், பார்க்கலாம் என்றார். அப்போது நான் இங்கே இருக்க மாட்டேன். அந்தப் பழைய லேப்டாப்பை இரண்டாம் ஆண்டுத் தம்பிகளிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஸ்பேஸ் பார் மட்டும் ஒட்டும், பரவாயில்லை. மீதி எத்தனை நிமிஷம் என்று பார்க்கத்தான் அது வேண்டும். ஷிஃப்ட் கீ நன்றாகவே இருக்கிறது.